ரசத்தில் விழுந்த மூவிலை

தலைமை ஏற்றிருக்கும் பங்குச் சாமியார் அவர்களே! வெற்றிலைப் பையோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் என்னைக் கண்ணிலும் வைத்திருக்கும் தாய்மார்களே! வண்டிக்கார ஞானதாஸ் கும்பிடுகிறேனுங்க.

பள்ளிக்கூட வாசலை நான் மிதித்தது அங்கே சுண்ணாம்பு மூட்டை இறக்கத்தான். அதனால் படித்ததைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

திருநாள் என்றால் நமக்கு என்ன உடுப்பு? பட்டு உண்டு, பாவாடை உண்டு, பளபளக்கும் சரிகை வேட்டி உண்டு. வேட்டி எடுக்கச் சேலம் போய், மாட்டுக்கு லாடம் கழன்று, கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் கிடந்த கதை… முன்வரிசையில் ராசப்பண்ணன் சிரிக்கிறார், அது இருக்கட்டும்.

நம் கன்னியர் மடத்துப் பிரிஜித் சிஸ்டர் பிறந்த அயர்லாந்தில், அந்த நாட்டுப் புனிதர் பத்ரிசியாரின் இந்தத் திருநாளுக்குப் பச்சை நாடா கட்டுவார்களாம், கம்பளிச் சால்வை போர்த்துவார்களாம். ஆனாலும் நெஞ்சில் ஓர் இலை குத்தாவிட்டால் அலங்காரம் நிறையாதாம். ஒரே காம்பு, மூன்று இலை! கடல் தாண்டிய மகளுக்குத் தாய் அதைப் பறித்து, உலர்த்தி, கடிதத்தில் வைத்து அனுப்புவார். சிஸ்டருக்குப் பதினோரு வருஷம் அப்படி வந்தது.

போன வருஷம் என்ன ஆனது? தாய் இறந்த தந்தி முதலில் வந்தது. சாகுமுன் அவர் அனுப்பிய கடிதம் இலையோடு பின்னால் கப்பலில் வந்தது. திருநாள் காலையில் சிஸ்டர் அந்த இலையைச் சமையலறையில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, பிரசவம் பார்க்க ஓடினார்.

சமையல்காரி கண்டாள். சிஸ்டரின் சளிக்கு வந்த சீமை மருந்து என்று நினைத்தாள். கசக்கி ரசத்தில் போட்டாள். யார் அந்தப் புத்திசாலி என்கிறீர்களா? என் ஊட்டுக்காரி சகாயம்மாள்தான். அதோ, முக்காட்டை இழுத்து விடுகிறாள்!

மத்தியானம் வந்த சிஸ்டர் ரசத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகுதான் கிண்ணத்தைத் தேடினார். விஷயம் தெரிந்ததும் வெறும் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"மருந்துன்னு போட்டுட்டனுங்க சிஸ்டர். இனி உங்கம்மா எங்க போயிப் பறிச்சு அனுப்புவாங்க?" என்று இவள் அழுதாள்.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்க ஊர்ல சாயங்காலம் அந்த இலைய நெஞ்சுல இருந்து எடுத்து, கிண்ணத்துல போட்டுக் குடிச்சிருவோம், சகாயம். அதுதான் வழக்கம். நீ முன்னாடியே குடிக்க வச்சுட்ட. நெஞ்சுலதான் குத்தல."

இவள் வாய்க்கால் வரப்புக்கு ஓடினாள். நாம் கடைந்து தின்னும் புளியாரைக் கீரையைப் பிடுங்கி வந்தாள். ஒரே காம்பு, மூன்று இலை! சிஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அது இல்ல" என்றார். இவள் முகம் வாடியது. உடனே சிஸ்டர் ஊசியை நீட்டினார்.

"சின்னதுல எங்கம்மாதான் குத்தி விடுவாங்க. நீ குத்து."

ஊசி முதலில் இவள் விரலில்தான் ஏறியது. இரண்டாவதாகத்தான் இலை நெஞ்சில் ஏறியது.

பெரியோர்களே, இலை எந்த மண்ணில் முளைத்தால் என்ன? குத்திவிட ஒரு கை வேண்டாமா? இன்று உங்கள் நெஞ்சிலெல்லாம் புளியாரை இருக்கிறது. சாயங்காலம் யாரும் வீசி எறிந்துவிடாதீர்கள். மடத்து அடுப்பில் ரசம் கொதிக்கிறது. அதில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டுப் போங்கள்.

பொறுமையாய்க் கேட்டீர்கள், நன்றி. எல்லோருக்கும் ஸ்தோத்திரமுங்க!