புதன்கிழமைக்கு என்ன விசேஷம்

அழகுமீனா: கண்ணு வலிக்குதுன்னு சொன்னேன்ல, லைட்டப் போடாதீகண்ணே.

ராஜசிங்: இருட்டுக்குள்ள உக்காந்து கம்ப்யூட்டரயே பாத்துக்கிட்டிருந்தா வலிக்காம என்ன செய்யும்? சாப்பிட்டியா?

அழகுமீனா: மிசின்ல பிளேட் போடுற வேலைய விட்டுட்டு மாடியேறி வந்தது நான் சாப்பிட்டேனான்னு கேக்கவா?

ராஜசிங்: ஏ புள்ள, ஒரு மனுசன் கேக்கக் கூடாதா...

அழகுமீனா: சின்ன மொதலாளி அனுப்புனாரா?

ராஜசிங்: ம்...

அழகுமீனா: அப்ப அதக் கேளுங்க.

ராஜசிங்: அடுத்த வருசத் தினசரிக் காலண்டர் இருக்குல்ல... ஜூலை எட்டு, புதன்கிழமை. கருப்புல வரவேண்டிய தேதி செவப்புல வந்திருக்கு.

அழகுமீனா: தெரியும்.

ராஜசிங்: ஆர்டர் குடுத்த ராஜபாளையத்து நகைக்கடைக்காரர் போன் போட்டு, அன்னிக்கு என்ன பண்டிகைன்னு கேக்காராம். லோடு லோடா தாள் அடிச்சுக் கெடக்கு. பாதிய அட்டையில ஏத்தியாச்சு.

அழகுமீனா: அதுக்கு?

ராஜசிங்: கைதவறிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. அந்தத் தாள மட்டும் மாத்தி அடிச்சிரலாம். சீசன் முடியுற வரைக்கும் ஞாயித்துக்கெழமையும் நீ வரணுமாம். அம்புட்டுத்தான்.

அழகுமீனா: இன்னைக்கு என்ன கெழமை?

ராஜசிங்: ...ஞாயிறு.

அழகுமீனா: இப்ப எங்கன உக்காந்திருக்கேனாம்? காலையில சர்ச்சுல மணி அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீக?

ராஜசிங்: மிசின் சத்தத்துல எங்க கேக்கு...

அழகுமீனா: கேட்டிருக்கும்.

ராஜசிங்: என்னய விடு. நீ சொல்லலேன்னா சீட்டக் கிழிச்சிருவாரு. வேலை போயிரும் புள்ள. ஒங்க வீட்டுலயே மொதல் பட்டதாரி நீ...

அழகுமீனா: அத வேற சொல்லிக் காட்டுங்க! எங்க அம்மா ஏழாயிரம்பண்ணையில வெடிக்குத் திரி வைக்கா. நான் இங்க தாளுக்குத் தேதி வைக்கேன். அவளுக்காவது வானம் இடிச்சா வேலைய நிப்பாட்டி வெளிய அனுப்பிருவாக. எனக்கு எது இடிச்சா நிப்பாட்டுவீக?

ராஜசிங்: கோவப்படாத. கைதவறித்தான ஆச்சு?

அழகுமீனா: இல்ல.

ராஜசிங்: மெதுவாப் பேசு...

அழகுமீனா: தெரிஞ்சேதான் போட்டேன். பொங்கலு, ரம்சானு, கிறிஸ்துமஸ்... ஊருல அம்புட்டு பேரு லீவுக்கும் செவப்பு ஏத்துறது நாந்தான. ஒருநாள எனக்குன்னு எடுத்துக்கிட்டேன்.

ராஜசிங்: அன்னிக்கு என்ன, பொறந்தநாளா?

அழகுமீனா: இல்ல.

ராஜசிங்: பொண்ணு பாக்க வாறாகளா?

அழகுமீனா: அடுத்த வருசம் ஜூலையில வாறோம், பஜ்ஜி போட்டு வையின்னு இப்பமே சொல்லிவிட்டாக!

ராஜசிங்: சிரிக்காத புள்ள... அப்பா தவறுன நாளா?

அழகுமீனா: அவரு செத்தது தையில.

ராஜசிங்: இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஏதும் நேந்திருக்கியா?

அழகுமீனா: ஒண்ணுமே இல்லண்ணே. அமாவாசை இல்ல, முகூர்த்தம் இல்ல, ஒரு தலைவர் பொறந்த நாளு கூட இல்ல. தேடித் தேடி அப்படி ஒரு நாளா எடுத்தேன்.

ராஜசிங்: ஒண்ணுமில்லாத நாளைக்கு எதுக்கு லீவு?

அழகுமீனா: பாத்தீகளா... ஒங்களுக்கே புரியல. லீவு கேக்கணும்னா நமக்கு ஒரு சாவு வேணும். இல்ல கல்யாணம் வேணும். அதுவும் இல்லாட்டி ஒரு சாமி வேணும். அலுத்துப் போச்சுன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்.

ராஜசிங்: சரி... அன்னிக்கு என்னதான் செய்வ?

அழகுமீனா: தூங்குவேன். எந்திரிச்சு வெம்பக்கோட்டை அணைக்குப் போயி தண்ணியப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

ராஜசிங்: ஜூலையில தண்ணி எங்க கெடக்கு?

அழகுமீனா: காஞ்ச மண்ணப் பாத்துட்டு வாரேன்! அதுக்கும் மொதலாளிட்ட கேக்கணுமா?

ராஜசிங்: ஒத்தையிலயா போவ?

அழகுமீனா: அந்தத் தண்ணி பாட்டில இங்கிட்டுத் தள்ளுங்க.

ராஜசிங்: கேக்கேன்ல.

அழகுமீனா: அம்மாட்ட சொன்னேன். அன்னிக்கு வெடியாபீஸ் வேன் வந்தா ஏறாத, நான் வாரேன், ரெண்டு பேரும் வீட்டுல சும்மா கெடப்போம்னு.

ராஜசிங்: என்ன சொன்னாக?

அழகுமீனா: ஒடம்புக்கு ஏதும் செய்யுதாட்டின்னு அழ ஆரம்பிச்சுட்டா. நல்லாத்தான் இருக்கேன்னு சத்தியம் பண்ண வேண்டியதாப் போச்சு. ஒடனே, ஏசியில உக்காந்து பாக்குற வேலைக்கே இம்புட்டு அலுப்பான்னு கேட்டா. அதுக்கு மேல என்ன பேச?

ராஜசிங்: கூடப் படிச்ச பிள்ளைக யாரும்...

அழகுமீனா: ஹர்ஷினிக்கு மெசேஜ் போட்டேன். சிரிக்கிற பொம்மை ஒண்ண அனுப்பிச்சா. சிரிக்கதுக்கு நான் ஒண்ணும் சொல்லலயேன்னு போட்டேன். பதிலு இல்ல.

ராஜசிங்: அவளுக்கும் வேலை இருக்கும்...

அழகுமீனா: எல்லாருக்கும் வேலை இருக்கும்ணே. எத்தன வீட்டுச் செவத்துல அந்தச் செவப்பு தொங்கப் போகுது... அன்னிக்கு என்கூட உக்கார ஒரு ஆளு இல்ல... ஒங்க போன் அடிக்குது பாருங்க.

ராஜசிங்: சின்ன மொதலாளிதான்.

அழகுமீனா: குடுங்க, நானே சொல்லிருதேன்.

ராஜசிங்: என்னன்னு?

அழகுமீனா: கைதவறிப் போச்சுன்னு. கருப்பாவே அடிச்சுக்கிடட்டும். ஒத்தையில லீவு விட்டு என்ன செய்யப் போறேன்...

ராஜசிங்: இரு.

அழகுமீனா: என்ன இரு? அதுக்குத்தான வந்தீக? குடுங்க போன.

ராஜசிங்: இரு புள்ள... ஹலோ, சின்ன மொதலாளி... ஆமா, பக்கத்துலதான் இருக்கா... இல்ல, கைதவறல... அவளத் திட்டாதீக, புரூஃப் பாத்துக் கையெழுத்துப் போட்டது நாந்தான்... பாக்காம இல்ல மொதலாளி, பாத்துத்தான் போட்டேன். பாத்த ஒடனே கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, ஜூலை எட்டு எனக்கு லீவு, நீயும் ஆசுபத்திரில சொல்லிட்டு வந்துருன்னு ஷைலாட்ட சொல்லிட்டேன்... என் வீட்டுக்காரி மொதலாளி, அங்கன நர்ஸா இருக்கா... விசேஷம் ஒண்ணும் இல்ல... அவளும் அதத்தான் கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. அழுதுட்டேன். வாரேன்னுட்டா... என்னய நிப்பாட்டுனாலும் சரி, அந்தத் தாளுக்குக் கருப்பு பிளேட்டு என் கையால போட மாட்டேன்.