இரும்புக்குப் போட்ட உப்பு

எங்கள் வீட்டுக் கருவாட்டில் புழு வைத்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை. ஏரியூர்ச் சந்தையில் சாலம்மாள் கருவாடு என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். மேட்டூர் அணையின் தேங்கு தண்ணீரில் பிடிபடும் மீன்தான். எல்லோரும் வாங்கும் அதே மீன், அதே உப்பு. வித்தியாசம் பொறுமையில் இருக்கிறது. மேலே உப்பைத் தூவிவிட்டு வெயிலில் போட்டால் தோல் காயும், உள்ளே அழுகும். செவுளுக்குள், வயிற்றுக்குள், முள்ளை ஒட்டி விரலை விட்டு அடைக்க வேண்டும். உள்ளே போய்விட்டால் அப்புறம் நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, உப்பு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

நீங்கள் காரைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஐயா. அதற்குத்தான் வருகிறேன். கருவாட்டைச் சொல்லாமல் காரைச் சொல்ல முடியாது.

அந்தக் காரை வாங்கியவர் என் வீட்டுக்காரர். பழைய டீசல் கார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு ஐஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு சந்தை சந்தையாக ஓட்டினார். பெட்டியிலிருந்து உப்பும் ஐஸும் கரைந்த தண்ணீர் எந்நேரமும் சொட்டிக்கொண்டிருக்கும். அவர் மாரடைப்பில் போன பிறகு கார் புங்கமரத்தடியில் நின்றது. என் ஒரே மகன் மதியழகன் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தான். ஜாஸ்மினைக் கட்டிக்கொண்டதும், அப்பா வண்டியைச் சரிசெய்து அதில்தான் பெண்டாட்டியை உட்காரவைத்துக் கூட்டிப் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

ஜாஸ்மின் பாப்பிரெட்டிப்பட்டிப் பெண். ஓசூரில் நர்ஸ் வேலை. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, நீங்க எதுக்குத் தனியா கெடக்கணும், எங்ககூட ஓசூருக்கு வந்துருங்க," என்றாள். அந்த மாடிவீட்டில் நான் மீனை எங்கே காயப்போடுவேன் என்று கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். ஆனால் அதன் பிறகும் அவள் கேட்பதை விடவில்லை, நானும் போகவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷக் கோடையில் மதியழகன் லீவு போட்டுவிட்டு வந்தான். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. காரின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டைகளின்மேல் நிறுத்தினான். பின்சக்கரங்கள் இரண்டையும் தாங்குகிற ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது, சப்ஃபிரேம் என்பான். குழாய்போல உள்ளே வெற்றாக இருக்கும். அதைக் கழற்றுவதற்குள் அவனுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. போல்ட்டுகளெல்லாம் துருவில் இறுகிக் கிடந்தன. டீசலை ஊற்றி ஊறவைத்தான், ஸ்பானரின் பின்னால் நீளக் குழாயை மாட்டி மிதித்தான். ஒரு போல்ட் தலையோடு முறிந்தது. கடைசியில் பிரேக் குழாயை விடுவித்து, ஸ்பிரிங்கை எடுத்து, ஜாக்கியின் மேல் சட்டத்தை மெல்ல இறக்கினான். கீழே வந்ததும் துரு செதில் செதிலாகக் கொட்டியது. நான் கூட்டி அள்ளினேன்.

அந்த நாட்களைப்போல் நான் சந்தோஷமாக இருந்ததில்லை, ஐயா. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காருக்கடியில் படுத்துக்கொண்டு, "ம்மா, அந்தப் பதினேழாம் நம்பரக் குடு," என்பான். எது பதினேழாம் நம்பர் ஸ்பானர் என்று நானும் கற்றுக்கொண்டேன். சின்னச் சுத்தியலால் சட்டத்தைத் தட்டி, என்னைக் கேட்கச் சொல்வான். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உளுத்த இரும்பு தொப்பென்று வாயை மூடிக்கொள்ளும். "நல்லா கேட்டுக்கம்மா, இங்க நல்லாருக்குது, இங்க செத்துப்போச்சு." செத்த இடங்களை அறுத்தெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தான். பையன் அழகாக வெல்டிங் செய்வான். மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் பரிமாறப் பரிமாறச் சாப்பிடுவான். போனைக்கூடப் பார்க்க மாட்டான்.

பிறகு கம்பி பிரஷ் வைத்துத் துருவையெல்லாம் உரித்தான். சட்டம் வெள்ளி மாதிரி ஆகிவிட்டது. "நாளைக்கு பிரைமர் அடிச்சிட்டா ரெண்டு மூணு நாள்ல மாட்டிரலாம்மா, அப்புறம் கெளம்பிருவேன்," என்று சொல்லிவிட்டு, துரு ஏறாமலிருக்க முதலில் அடிக்கிற அந்தப் பெயிண்டை வாங்கப் பென்னாகரம் போனான்.

வீட்டில் மீன் ஊறிய உப்புத் தண்ணீர் ஒரு பானையில் எப்போதும் இருக்கும். நான் ஒரு துணியை அதில் நனைத்துச் சட்டம் முழுக்கத் துடைத்தேன். கை தானாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நானே எழுந்துபோய்த்தான் எடுத்தேன். அப்புறம் வாடை போக வேண்டுமென்று வெறும் உப்பைக் கரைத்து இன்னொரு தரம் துடைத்தேன்.

மறுநாள் காலையில் சட்டம் முழுக்க மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருந்தது. அவன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றான். "நேத்து பளபளன்னு வச்சிட்டுத்தானம்மா போனேன். மழையுமில்ல ஒண்ணுமில்ல, எப்படி இப்படித் துரு ஏறுது?"

"ஆத்தோரக் காத்துப்பா," என்றேன்.

நம்பினான். நான் சொன்னால் நம்புவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மறுபடி உரித்தான். நான் மறுபடி துடைத்தேன். லீவை நீட்டித்தான். ஜாஸ்மின் போன் செய்து, "அத்தை, இன்னும் வேலை முடியலீங்களா?" என்று கேட்டாள். "இரும்பு கண்ணு, அவசரப்படுத்தினா ஆவுமா," என்றேன். என் குரலில் இருந்த குஷி அவளுக்குக் கேட்டிருக்கும். அத்தை சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அவளும் சந்தோஷப்பட்டிருப்பாள். அப்படிப்பட்ட பெண்.

கடைசியில் அவன் சுதாரித்துக்கொண்டான். உரித்த கையோடு அங்கேயே நின்று பிரைமர் அடித்துவிடுகிறேன், இடைவெளியே விடமாட்டேன் என்றான். இனி மேலே துடைத்துப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. அன்று உரிக்க உட்காருவதற்கு முன்னால் அவன் குளிக்கப் போனபோது, தூள் உப்பை முறத்தில் எடுத்துக்கொண்டு போனேன். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அவற்றின் வழியாக உப்பைப் போட்டு, எட்டுகிற வரைக்கும் விரலை விட்டுத் தள்ளினேன். பிறகு வெளியே தெரியாதபடி ஓட்டைகளுக்குள் பழந்துணி திணித்து அடைத்தேன். மீனுக்குச் செய்வதைத்தான் செய்தேன். எனக்குத் தெரிந்த கைவேலை அது ஒன்றுதான்.

அவன் அதன்மேல் பிரைமர் அடித்து, கறுப்புப் பெயிண்டும் அடித்தான். "மொகம் பாக்கலாம் போலருக்குதும்மா," என்றான். சேலத்திலிருந்து வாங்கிய ரப்பர் புஷ்களை அழுத்தி ஏற்றினான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முறுக்கினான். கிளம்புகிற அன்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கட்டைகள் கிடந்த இடத்தைப் பார்த்து அழுதேன்.

அவனுக்குக் கெடுதல் செய்ய வேண்டுமென்று நான் நினைக்கவில்லை. வண்டி எப்படியும் ஒருநாள் கெடத்தான் போகிறது. கெட்டால் இங்கேதான் கொண்டுவருவான், கட்டைமேல் ஏற்றுவான், பதினேழாம் நம்பர் கேட்பான். அந்த நாளைக் கொஞ்சம் கிட்டே இழுத்தேன், அவ்வளவுதான்.

நல்ல நாள் பெரிய நாளுக்கு இருவரும் வருவார்கள். சனிக்கிழமை வந்தால் ஞாயிறு மதியம் போய்விடுவார்கள். அவன் சாப்பிட்டுத் தூங்கும்போது நான் காரைக் கழுவுவேன். உப்புத் தண்ணீரில்தான். குனிந்து பின்சக்கரத்துக்கு உள்பக்கமாக மக்கில் மொண்டு ஊற்றுவேன். எங்கம்மாதான் எனக்கு வண்டி கழுவித் தருகிறாள் என்று அவன் கம்பெனியில் சொல்லிப் பெருமைப்படுவானாம்.

ஒருநாள் ஜாஸ்மின் வெளியே வந்து, "நீங்க உக்காருங்க அத்தை, நான் ஊத்துறேன்," என்று மக்கை வாங்கிக்கொண்டாள். காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. வெடுக்கென்று கையை உதறினாள். "எரியுதுங்க அத்தை. இது என்ன தண்ணி?"

"நம்மூரு போர் தண்ணி இப்படித்தான், கண்ணு," என்றேன்.

பாவம், விரலை வாயில் வைத்துக்கொண்டு மறு கையால் ஊற்றினாள். நான் சொன்ன இடத்திலெல்லாம் ஊற்றினாள். இந்தக் கேஸில் எத்தனையோ பேரை விசாரித்திருப்பீர்கள், இதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

இந்த முறை கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். வந்து இறங்கியதும் மதியழகன், "பின்னாடி ஒரு சத்தம் வருதும்மா, பள்ளத்துல எறங்குனா கிறீச்சுங்குது," என்றான். மறுநாள் சாப்பாட்டுக்கு முன்னால் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்துத் தட்டிப் பார்த்தான். ஜாஸ்மின் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் பாதிக் கவனத்தோடுதான் தட்டினான். நான் முழுக் கவனத்தோடு கேட்டேன்.

இடப்பக்கம் தொப்பென்றது. இரண்டு தரம்.

"மேல பெயிண்டெல்லாம் நல்லாத்தான் இருக்குது," என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டான். "அடுத்த மாசம் லீவு சொல்லிட்டு வந்து கழட்டிப் பாத்துடறேன்ம்மா."

"ஒரு பத்து நாளாச்சும் தங்குற மாதிரி வாப்பா," என்றேன்.

இதுதான் நான் செய்தது, ஐயா. உப்பு போட்டதைவிட இதுதான் பெரிசு. இடப்பக்கம் செத்துவிட்டது, ஓட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிம்மா தெரியும் என்று கேட்டிருப்பான். உட்கார்ந்து கழற்றியிருப்பான். உள்ளே உப்பைப் பார்த்திருப்பான். அப்புறம் இந்த வாசலை மிதிக்க மாட்டான். சொல்லாமல் விட்டால் அடுத்த மாதம் பத்து நாள். சக்கரம் சாயும், வண்டி நிற்கும், போன் செய்வான் என்று நினைத்தேன் என்றுதான் உங்களிடம் சொல்ல வந்தேன். அது பொய். பள்ளத்தில் இறங்கும்போது முறிந்தால் என்ன ஆகுமென்று அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். தெரிந்துதான் அனுப்பினேன். கருவாட்டுப் பொட்டலத்தை ஜாஸ்மின் மடியில் வைத்துக் கதவைச் சாத்தியதும் நான்தான். இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள்.

பென்னாகரம் ரோட்டு இறக்கத்தில் பின்சக்கரம் உள்ளே மடங்கி, கார் இடப்பக்கமாகப் புளியமரத்தில் மோதியது. அவள் அங்கேயே போய்விட்டாள். அவனுக்குத் தோள்பட்டையும் இரண்டு விலாவும் உடைந்தன. அடக்கத்தில் ஜாஸ்மினின் அம்மா தெரசா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்கள அம்மான்னே சொல்லுவாளே அண்ணி," என்று அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை.

மதியழகன் இப்போது வீட்டில்தான் இருக்கிறான். ஓசூரை விட்டுவிட்டான். ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்கிறான். என் வெல்டிங்தான் அவளைக் கொன்றுவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். வண்டியைக் கவனிக்காமல் ஓட்டினான் என்று நீங்கள் போட்ட வழக்கைக்கூட மறுக்க மாட்டேனென்கிறான். ஸ்பானரை இனித் தொடமாட்டானாம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, அதற்காகத்தான் வந்தேன். அவன் வெல்டிங்கில் குற்றமில்லை. வேண்டுமானால் போய்ப் பாருங்கள், அவன் வைத்த தகடு அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்து இரும்புதான் பிய்ந்திருக்கிறது. அது நான் உப்புக்குத் தின்னக் கொடுத்த இரும்பு. என்மேல் எந்தப் பிரிவு வேண்டுமானாலும் போடுங்கள். அவனிடம் மட்டும், இரும்பு கெட்டுப்போயிருந்தது என்று சொன்னால் போதும். யார் கெடுத்தது என்று சொல்ல வேண்டாம். அவனைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் ஆளில்லை.

உள்ளே வரும்போது கார் உங்கள் ஸ்டேஷன் வாசலில் மழையில் நிற்பதைப் பார்த்தேன். அதை விடுகிறபோது எங்கள் வீட்டு வாசலிலேயே இறக்கச் சொல்லுங்கள், ஐயா. கட்டைகளைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். தோள் கூடியதும் மெல்லக் கழற்ற ஆரம்பிப்பான். இந்த முறை முடிக்க நிறைய நாளாகும். ஆகட்டும், நான் பக்கத்திலேயே இருப்பேன்.