சரிபாதி

மெட்ரோவில் தமிழ் கேட்டால் என் காது தானாகத் திரும்பிவிடும். அன்று மாலை முன் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள்:

"ரெண்டு போத்தல் குளிசையையும் நான் ஒண்டாக் கலந்துபோட்டன்."

"எந்தக் குளிசை?"

"உங்கடையும் உங்கட தம்பியின்ரையும். கலந்து, சரிபாதியாப் பிரிச்சு வைச்சனான்."

"விசரே உனக்கு? ஹெப்படைட்டிஸ் சி-க்கு இப்பத்தான் பரிசோதிச்சுப் பாக்கிற மருந்து அது. ஆருக்கு மருந்து, ஆருக்கு வெறும் மாவில செய்த போலிக் குளிசை எண்டு டொக்டருக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும். மருந்து எண்டா மூச்சு வாங்கும் எண்டு நேர்ஸ் சொன்னவ. தம்பிக்குத்தான் மூச்சு வாங்கினது. உங்களுக்கு ஒண்டுமில்லை."

அவர் கையுறையைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"அதுதான் இப்ப எனக்கும் மூச்சு இளைக்குதோ?"

"ஓம். ஊரில ஒரே நாளில ரத்தம் ஏத்தி ரெண்டு பேருக்கும் வந்த வருத்தம். ஒருத்தருக்கு மருந்தும் மற்றவருக்கு மாவும் நான் எப்பிடிக் குடுக்கிறது?"

"இது சோறே, பங்கிட்டுப் போட? அரை மருந்தில ரெண்டு பேருக்குமே சுகம் வராட்டி? இண்டைக்கு ஆஸ்பத்திரியில சொல்லத்தான் வேணும்."

"சொன்னா ரெண்டு பேரையும் பரிசோதனையில இருந்து நிப்பாட்டிப் போடுவினம்."

"அடுத்த ஸ்டேஷனில தம்பி ஏறுவான். அவனுக்கு என்ன சொல்லப்போறாய்?"

ஜான்-டலோன் ஸ்டேஷனில் கதவு திறந்தது. சந்தைக் கடையின் ஏப்ரனோடு ஓர் இளைஞர் ஓடிவந்து ஏறினார். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"அண்ணி, சந்தையில இருந்து ஓடியே வந்தனான். முந்தி மாதிரி மூச்சே வாங்கேல்லை. எனக்குச் சுகம் வந்திட்டுது போல!"