முதல் சிரிப்பு

இந்த நகரத்துக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். என் காமெடி கிளப் வாசலில் பித்தளைப் பலகையிலேயே அப்படித்தான் பொறித்திருக்கிறது. பொறிக்கச் சொன்னதும் நான்தான்.

ஸ்டாண்ட்-அப் காமெடி என்றால் என்னவென்றே இங்கே யாருக்கும் தெரியாத காலத்தில், ஒரு டயர் குடோனை வாடகைக்குப் பிடித்து நாற்காலி போட்டேன், ஐயா. வந்தவர்கள் இரங்கல் கூட்டத்துக்கு வந்த மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஆள் சிரிக்காதபோது தான் மட்டும் சிரித்தால் மரியாதை போய்விடுமே என்று ஒவ்வொருவருக்கும் பயம். அதனால் நானே கடைசி வரிசையில் உட்கார்ந்து முதலில் சிரிப்பேன். பிறகு மொத்தக் கூட்டமும் சிரிக்கும். அதுவே எங்கள் கிளப்பின் வழக்கமாகிவிட்டது. நான் சிரிக்காத ஜோக் அங்கே ஜோக்கே இல்லை.

என் தங்கையின் கணவர்தான் எங்கள் நட்சத்திரம். நல்ல மனுஷன். என்னை வைத்தே பிழைப்பை ஓட்டினார். "எங்க மச்சான் பின்னாடி உக்காந்து சிரிச்சா ஊரே சிரிக்கும். முன்னாடி வந்து ஜோக் சொன்னா அவருக்கே சிரிப்பு வராது" என்பார். அதற்கும் நான்தான் முதலில் சிரிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் சிரித்தேன். தொழில் தர்மம்.

அவருக்கு நெஞ்சுவலி உண்டு. "அண்ணா, மாத்திரைய நீயே வெச்சுக்கோ. மேடைச் சட்டைக்கு மாறும்போது அவரு மறந்துடுவாரு" என்று தங்கை என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிறு மாலை, மேடையில் பாதி ஜோக்கில் நிறுத்தினார். முகமெல்லாம் வேர்வை. மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்... மாத்திரை" என்றார். கூட்டம் குழம்பிப்போய் என் பக்கம் திரும்பியது. எப்போது சிரிக்கலாம் என்று நான்தானே காட்ட வேண்டும்?

சிரித்தேன்.

கூரை அதிரச் சிரித்தார்கள். அவர் மண்டியிட்டபோது கைதட்டினார்கள். "போதும்யா, சிரிச்சே செத்துடுவோம் போல" என்று முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நடிப்பு என்று நினைத்தேன் என்று பிறகு தங்கையிடம் சொன்னேன். நம்பினாள். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். மாத்திரை என் சட்டைப்பையில் இருந்தது. அதன்மேல் கையை வைத்துக்கொண்டுதான் சிரித்தேன்.

அன்று, மூச்சு நின்றுபோன அவரைத் திரைக்குப் பின்னால் கிடத்திவிட்டு, மீதி நிகழ்ச்சி வீணாகக் கூடாதே என்று நானே மேடையேறினேன். இருப்பதிலேயே நல்ல ஜோக்கைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி வரிசையில் ஆள் இல்லை, ஐயா. அது ஒன்றுதான் காரணம்.