ஆடிப்பூரத்தன்று கூட்டத்துக்கு வந்த மேஜர் ஜெயபாண்டி அவர்களுக்கு

சுந்தரபாண்டியம் ஈன்ற சுடர்மதியாளரே! படைக்கலக் கிடங்குகளைக் காத்த பழுதறியாப் பண்பினரே! பத்தாண்டுக் காலம் எங்கள் நூற்பாலையின் சுயேச்சை இயக்குநராய் அமர்ந்து, முதலாளியின் முகத்தையும் பாராமல், எங்கள் முகச்சுளிப்பையும் பாராமல், பங்குதாரர் பக்கமே நின்ற பெருந்தகையே! வணக்கம்.

இந்தப் பிரிவுபசார மடலில் அடுத்து வர வேண்டியது தங்கள் குணநலன்களின் வரிசை. அதை எழுத உட்கார்ந்த எங்கள் கம்பெனி செயலர் காஞ்சனாவுக்குப் பேனா ஓடவில்லை. பாராட்டுவதற்கும் ஒரு யோக்கியதை வேண்டாமா என்றார். எங்களுக்கும் சுருக்கென்றது. ஆகவே அடைமொழிகளை நிறுத்திவிட்டு, நடந்ததையே தங்கள் முன் வாசிக்கிறோம்.

திருப்பூர் வியாபாரி தரமில்லை என்று திருப்பி அனுப்பிய நூல், போன வருடம் நம் குடோனில் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஜூன் காலாண்டுக் கணக்கிலோ அது விற்று லாபம் வந்ததாகவே நின்றது. தாங்கள் பார்த்தால் குடோன் சாவியைக் கேட்பீர்கள். எனவே, அந்தக் கணக்குக்கு ஒப்புதல் தரும் இயக்குநர் கூட்டத்தை ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று வைத்துவிடலாம் என்று யோசனை சொன்ன புத்திசாலிகள் நாங்கள்தான். பட்டாளத்தை விட்டு வந்த நாள் முதல் தாங்கள் ஆண்டாள் தேரின் வடம் பிடிக்கத் தவறியதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் வீதியிலேயே பிறந்து வளர்ந்த காஞ்சனாவுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அவர் தேதியைப் போட்டார்.

தாங்கள் வந்தீர்கள். வடம் பிடிக்கக் கட்டிய வேட்டியோடு அப்படியே வந்தீர்கள். சார், தேருக்குப் போகவில்லையா என்று காஞ்சனா வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

“அங்க வடம் புடிக்க ஊரே நிக்குது. இங்க கேக்க நான் ஒருத்தன்தானம்மா இருக்கேன்.”

விற்ற நூலுக்குப் பணம் வந்ததா என்று கேட்டீர்கள். குடோனையும் திறக்கச் சொன்னீர்கள். அன்று லாபம் நஷ்டமாக மாறித்தான் வெளியே போனது.

மாலையில் காஞ்சனா வீடு திரும்பியபோது தேர் நிலைக்கு வந்து, வீதி ஓய்ந்திருந்தது. தாங்கள் தனியாக நின்று, தரையில் கிடந்த வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தீர்கள். அவர் பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டார். அவமானம் பிடுங்கித் தின்றது என்று இப்போதுதான் எங்களிடம் சொல்கிறார்.

பொய் லாபத்தை நம்பி, ஓய்வுப் பணத்தில் பங்கு வாங்கக் காத்திருந்த நம் தொழிலாளர் பலர் தங்களால் தப்பித்தார்கள். நாங்களோ ஆலையின் பெயரைக் கெடுத்தவர் என்று தங்களை ஏசினோம். அடுத்த கூட்டத்தின் மதியச் சாப்பாட்டில் தங்கள் மேசையில் ஒருவரும் உட்காரவில்லை. தாங்கள் தனியே சாப்பிட்டு, பரிமாறியவரிடம் ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். 

இரண்டு ஐந்தாண்டுப் பதவிக்காலத்துக்கு மேல் தொடர்ந்து இருக்கச் சட்டம் இடம் தராததால் இன்று விடைபெறுகிறீர்கள். உடல்நலமும் உள்ள நிறைவும் நெடிய ஆயுளும் பெற்று, ஆடிதோறும் வடம் பிடித்து வாழ்க!

இனி தாங்கள் கேட்ட கேள்வியை நாங்கள் கேட்போம் என்று கடைசி வரியாகச் சேர்க்கச் சொன்னோம். காஞ்சனா மறுத்துவிட்டார்.

“மொதல்ல ஒரு தடவையாவது கேக்கணும். பொறவு எழுதிக்கலாம்.”

அதனால்தான் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரும் இம்மடலின் அடியில் ஒரு வரிக்கான இடம் காலியாக இருக்கிறது.

தலைகுனிவுடன்,
ஆலை அலுவலர்கள்,
இராஜபாளையம்.