மூக்கு கருத்த முயல்குட்டி

எம். புதுப்பட்டி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"பட்டாசு ஆலைக்குப் போற எங்க வீட்டுக்காரரு கையில இருந்த மருந்து மொசக்குட்டி மேல ஏறிருச்சுக்கா. வெள்ளையாப் பெறந்தது, இப்ப மூக்கு, காது, காலெல்லாம் கருப்பு. சோப்புப் போட்டும் போகலை."

நர்ஸ் உடையில் இருந்தவர் பதறிப்போனார்.

"சோப்பா? அடிப்பாவி! அதோட தகப்பன் என்ன நெறம்?"

"அச்சங்குளத்து மொசலு. அதுக்கும் மூக்கு, காது கருப்புதான்."

"அப்ப அது பெறவி நெறம்டி. குட்டியில வெள்ளையா இருக்கும், வளர வளரத்தான் கருக்கும். மருந்துமில்லை, மண்ணுமில்லை."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ! அதைப் பாத்துட்டு எங்க கைப்பிள்ளையத் தூக்குறதையே விட்டுட்டாருக்கா. அது அவரப் பாத்துக் கைய நீட்டுது. இவரு கைய முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கிறாரு."