ரெண்டு விரல் கைபிடி

இல்லை தவராசா அண்ணை, நீங்கள் ஆசுப்பத்திரிக்குப் போகத் தேவையில்லை. இருங்கோ. நாஸிமுக்கு வலிக்கு ஊசி போட்டவை, அவர் இப்ப நித்திரையா இருப்பார். எழுப்பி என்னத்தைக் கேக்கப் போறியள்? இந்தப் புதுக் கைபிடியை அவற்ற மோட்டச்சைக்கிளில பூட்டட்டோ எண்டுதானே? பூட்டச் சொல்லித்தானே நான் விடியத் தொடக்கம் உங்கட கராச்சில நிக்கிறன். அவரைக் கேட்டாலும் ஓமெண்டுதான் சொல்லுவார். சொன்னவரோ, சொல்லுவாரோ எண்டு என்னோட வழக்காடாதேங்கோ. இவ்வளவு காலம் குடும்பம் நடத்தினவளுக்கு அது தெரியாதே?

ஓம், உங்கட சட்டம் தெரியும். ஓடுறவன் தானே வந்து, ஏறியிருந்து, சந்தி மட்டும் ஓடிப் பாக்காமல் ஒரு மோட்டச்சைக்கிளையும் வெளியில விடமாட்டியள். மல்லாவி முழுக்கத் தெரிஞ்ச விசயம்தானே. நாஸிமும் அதுக்காகத்தான் உங்களிட்ட வாறவர். முல்லைத்தீவில கராச் இல்லாமலே, மீன் வித்து முடிச்சு இஞ்ச கொண்டுவந்து விடுறவர்? ஆனா இண்டைக்கு அவருக்கு வர ஏலாது. அவருக்குப் பதிலா நான் ஓடிப் பாக்கிறன்.

சிரிக்காதேங்கோ. நான் ஓடுவன். சண்டைக்க முஸ்லிம் ஆக்களெல்லாம் ஊரை விட்டு வெளிக்கிட்டுப் புத்தளத்தில கிடந்த காலத்தில பழகினது. பொம்பிளை மோட்டச்சைக்கிள் ஓடுறாள் எண்டு எங்கட ஆக்களும் கதைச்சவைதான். கதைச்சவையின்ர வாசலுக்கே கொண்டுபோய் மீன் வித்தனான், பேசாமல் வாங்கித் திண்டவை.

சரி, ஆத்திரப்படாமல் வடிவாச் சொல்லுறன். அவற்ற வலக்கையில இனி இருக்கிறது பெருவிரலும் சுட்டுவிரலும்தான். மற்ற மூண்டையும் ஆசுப்பத்திரியில எடுத்துப்போட்டினம். சங்கிலி துடைக்கப் போய் வந்த வினை. மீன்தண்ணி வடிஞ்சு வடிஞ்சு சங்கிலி துருவேறிக் கறள் கட்டும், துடைக்க லேசா இருக்கவேணும் எண்டு சங்கிலி மூடியையும் கழட்டி எறிஞ்சு போட்டார். யாவாரம் முடிஞ்சு வந்தாரெண்டால் ஸ்ராண்டில நிப்பாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கியரும் போட்டு, சில்லுச் சுத்தச் சுத்தப் பழைய சாரத்துண்டால சங்கிலியைப் பிடிச்சுத் துடைப்பார். எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம். கையால சில்லை உருட்டி உருட்டித் துடைக்க ஆருக்குப் பொறுமை? ஓம், நீங்கள் ஏசினது தெரியும். நானும் ஏசினனான். கேட்டால்தானே. அண்டைக்குத் துணி பல்லுச்சில்லுக்குள்ள இழுபட்டுது. பிடியை விட்டிருக்கலாம். ஒரு துணித்துண்டு, போனால் போகட்டும் எண்டு விட்டிருக்கலாம். நான் குசினிக்குள்ள நிண்டனான், எஞ்சின் சத்தம் ஒருமாதிரி மாறினதுதான் எனக்குக் கேட்டது. ஓடிவாறதுக்கிடையில அவர் மயங்கி விழுந்து கிடந்தார். எஞ்சினை நிப்பாட்டினது நான்தான்.

வேண்டாம் அண்ணை, பிளேன்ரீ ஊத்தவேண்டாம். நேரம் போகுது.

இந்தக் கைபிடியைக் கொழும்பில இருந்து என்ர தம்பி றிபாஸ் கொண்டந்தவன். றேஸ் ஓடுற பெடியள் போடுறதாம். அது தெரியும், நீங்கள் சொல்லத் தேவையில்லை. ஆனா யோசிச்சுப் பாருங்கோ. பழைய கைபிடியை முழுக்க முறுக்கிறதெண்டால் மணிக்கட்டை இறக்கி, பிறகு பிடியை மாத்திப் பிடிச்சு, இன்னும் முறுக்கவேணும். உள்ளங்கையில பொத்திப் பிடிக்க விரல் இல்லாதவர் எப்பிடி மாத்திப் பிடிப்பார்? இது அப்பிடியில்லை. கொஞ்சம் திருப்பினால் போதும், முழு இழுவையும் வரும். பெருவிரலாலயும் சுட்டுவிரலாலயும் நுள்ளித் திருப்பினால் காணும். அவன் விளங்கப்படுத்தேக்கயே எனக்குத் தெரிஞ்சிட்டுது, இது அவருக்கெண்டே செய்தது எண்டு.

ஓம், கெந்தும். கொஞ்சம் கூடத் திருப்பினால் பாய்ஞ்சு போகும். அதைத்தான் பாப்பம் எண்டுறன். கூடாதெண்டால் கழட்டிப்போட்டுப் பழையதைப் பூட்டுங்கோ, நான் வாய் திறக்கமாட்டன். ஆனா பாக்காமல் ஏலாதெண்டு சொல்லாதேங்கோ.

அண்ணை, உங்களுக்கு நாஸிமைச் சிரிச்ச முகமாத்தான் தெரியும். புத்தளத்துக்கு வெறுங்கையோட போய் இறங்கினாப் பிறகு அந்த மனுசன் ஓலைத் தட்டியைப் பாத்துக்கொண்டு படுத்தவர், ஒரு மாரி முழுக்க எழும்பேல்லை. கடை போச்சு, வள்ளம் போச்சு, இனி நான் என்னத்துக்கு எண்டு. சாப்பாட்டைத் தீத்தி விட்டனான், குழந்தைக்குத் தீத்துற மாதிரி. சமாதானம் வந்து, ஊருக்குத் திரும்பி, வட்டக்கச்சியில ஒரு ஆளிட்ட இந்தச் சைக்கிளை எடுத்தாப் பிறகுதான் அவர் பழைய ஆளானவர். விடியக்காலமை மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோர்ண் அடிச்சு அடிச்சுப் போவார், பக்கத்து வீட்டுப் பிள்ளையள் எழும்பப் போகுது எண்டு நான் கத்துவன். இப்ப அந்தச் சத்தம் இல்லாமல் எனக்குப் பொழுது விடியிறேல்லை. இன்னொருக்கா அப்பிடிப் படுத்தாரெண்டால் எழுப்புறதுக்கு என்னட்டப் பெலன் இல்லை. அவ்வளவுதான் கதை.

பூட்டுறியளே? நீங்கள் நல்லா இருப்பியள்.

நான் இந்தப் பக்கத்தால பிடிக்கட்டே? சரி, சரி, தள்ளி நிக்கிறன்.

முடிஞ்சுதே? பொறுங்கோ, நான் இந்தத் துணியைக் கட்டிறன். என்னத்துக்கோ? மூண்டு விரலையும் மடக்கி உள்ளங்கையோட சேத்துக் கட்டினால்தானே அவற்ற கை மாதிரி வரும். அஞ்சு விரலாலயும் பிடிச்சு ஓடிப்போட்டு நல்லாயிருக்கு எண்டு சொன்னால் அது என்னையே ஏமாத்திறதெல்லே. முடிச்சை மட்டும் இறுக்கி விடுங்கோ. இன்னும் இறுக்குங்கோ. நோகாது.

இஞ்ச பாருங்கோ, பாரமாக் கிடக்கு. பழையதை விடப் பாரம். ரெண்டு விரலுக்குத் திருப்பவே வருகுதில்லை. ஏன் அப்பிடி? ஓ, கேபிள் சுத்துற உருளை பெரிசு, அதால இழுக்கிற பாரமும் கூட. இது றிபாஸ் சொல்லேல்லையே. அவன் வேகத்தைத்தான் கதைச்சவன். இப்ப என்ன செய்யிறது? ஏதாவது வழி சொல்லுங்கோ அண்ணை, தலையைச் சொறியாதேங்கோ.

காபரேற்றருக்குள்ள இருக்கிற ஸ்பிறிங்கோ? அதை மெதுவானதா மாத்தினால் கை லேசாகுமெண்டால் மாத்துங்கோவன். பிறகென்ன யோசனை? ஓமோ. கையை விட்டாலும் தானாத் திரும்பி வராமல் நிண்டிடுமோ. பெட்டி நிறைய மீனோட, ஓடுற வேகத்தில, நிப்பாட்ட ஏலாமல். உண்மையைச் சொல்லுங்கோ, இது சரிவராதெண்டு நினைக்கிறியளோ?

மாத்திப் பாப்பமெண்டுறியள். சரி. பிஸ்மில்லாஹ்.

லேசாக் கிடக்கு அண்ணை! நுள்ளினால் திரும்புது. ஆனா நீங்கள் சொன்ன மாதிரித்தான், விட்டால் பாதியில நிக்குது. பாருங்கோ, எஞ்சின் இரைஞ்சுகொண்டே கிடக்கு. நிப்பாட்டுங்கோ, அந்தச் சத்தம் எனக்கு ஏலாது. நிப்பாட்டுங்கோ.

ஒண்டுமில்லை. தண்ணி தாங்கோ, சரியாயிடும்.

என்ன அது, தார் மாதிரி? மண்ணெண்ணைப் பிசினோ? ஓம், ஓம், வட்டக்கச்சி ஆள் சொன்னவர். சண்டைக் காலத்தில பெற்றோல் எங்க, போத்தில் மூடியால ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையிலதானாம் ஓடினது. அந்த ஊத்தை இன்னும் உள்ளுக்கயோ? சண்டை முடிஞ்சும் அது போகேல்லைப் பாருங்கோ. அப்ப ஸ்பிறிங்கில பிழையில்லை, ஊத்தைதான் பிடிச்சு வைச்சிருக்கு. கழுவுங்கோ. நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்கோ. நானும் தேய்க்கிறன், தாங்கோ அந்தத் துணியை. இடக்கையாலதான் தேய்க்கிறன், பயப்பிடாதேங்கோ, எஞ்சின் ஓடேல்லைத்தானே.

இப்ப? விட்டவுடன திரும்பி வருகுது. இன்னொருக்கா. இன்னொருக்கா. ஓம், ஒவ்வொரு தரமும் டக்கெண்டு வருகுது. ஹாண்டிலையும் ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாக்கவோ? ஏன்? ஆ, இடப்பக்கம் திருப்பேக்க தானா இரையுது. கேபிள் இழுபடுதோ? நல்லகாலம் பாத்தியள். சந்தியில திருப்பேக்க அவரைக் கொண்டுபோய் மதகுக்குள்ள போட்டிருக்கும். பெற்றோல் தாங்கிக்குக் கீழால விட்டுக் கட்டுங்கோ, அப்ப நீளம் காணும். சரியா வந்திட்டுது.

இப்ப நான் ஓடப் போறன். தள்ளுங்கோ. முன் பிறேக்குக்குச் சுட்டுவிரல் காணும், மிச்சத்தைக் காலால பிடிக்கலாம். நீங்கள் உந்த வாசலிலேயே நில்லுங்கோ, பின்னால ஓடி வராதேங்கோ, சனம் சிரிக்கும்.

இல்லை, விழேல்லை. சலூன்காரற்ற வேலியிலதான் முட்டினது. ஓலைக் கிடுகுதானே, ரெண்டு கிடுகு வைச்சுக் கட்டலாம். எனக்கொண்டும் இல்லை, முழங்கையில சிராய்ப்புத்தான். தொடக்கத்தில பாய்ஞ்சிட்டுது அண்ணை. நுள்ளினனான், வில்லால அம்பை விட்டது மாதிரிப் போட்டுது. வேண்டாம், கழட்டாதேங்கோ! கையை எடுங்கோ அதில இருந்து. கழட்டவேண்டாம் எண்டுறன்.

மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களோட சத்தம் போட எனக்கென்ன உரிமை. ஆனா கழட்டாதேங்கோ.

கேபிளில கொஞ்சம் தொய்வு விட்டால் முதல் திருப்பல் சும்மா போகும், பிறகுதான் இழுக்குமோ? அப்ப கைக்கும் முன்கூட்டித் தெரியும். அதைச் செய்யுங்கோ. பெடியளுக்கு அது பிடிக்காது, இவருக்கு அதுதான் வேணும். இவர் ஆரோட போட்டிக்கு ஓடப் போறார்? மீன் பழுதாகாமல் துணுக்காய்க்கு வந்து சேந்தால் காணும்.

திரும்பப் போறன். இந்தமுறை சந்தி மட்டும்.

அண்ணை. சந்தியில திருப்பி, லொறிக்கு இடம் விட்டு, உந்த றோட்டுப் பள்ளத்துக்குள்ள இறங்கி ஏறி வந்தனான். பாருங்கோ, துணி அவிழேல்லை. மூண்டு விரலும் உள்ளுக்கதான் கிடந்தது. ரெண்டு விரலால ஓடலாம். நான் ஓடிப்போட்டன், அவர் ஓடாமல் விடுவாரே? என்னை விட நல்லா ஓடுவார்.

என்ன, இன்னுமோ? நாளைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வந்து இருத்திப் பாத்தாப் பிறகுதான் தருவியளோ? இல்லை அண்ணை, எனக்கு இப்ப வேணும். பின்னேரம் பெரிய டொக்டர் வந்து கட்டு அவிழ்க்கிறார். அதுக்கு முந்தி இது ஆசுப்பத்திரி முற்றத்தில, அவற்ற கட்டிலுக்கு நேரா நிக்கவேணும். யன்னலால காட்டிப்போட்டுத்தான் நான் சொல்லவேணும்.

என்னத்தையோ? விரல் போனதைத்தான். அவருக்கு இன்னும் தெரியாது அண்ணை. மயக்கத்தில எடுத்தவை. கண் முழிக்கேக்க கை முழுக்கக் கட்டு, ஒரு தேங்காயளவு. நீங்களே சமயம் பாத்துச் சொல்லுங்கோ எண்டு டொக்டர் என்னட்ட விட்டிட்டார். நானும் ஒவ்வொரு நாளும் போறன், பக்கத்தில இருக்கிறன், கடலைப் பற்றிக் கதைக்கிறன், சொல்லாமல் எழும்பி வாறன். நேற்றுச் சின்னிவிரல் கடிக்குதாம், சொறிஞ்சு விடு எண்டு கேட்டவர். நான் கட்டுக்கு மேலால சொறிஞ்சு விட்டனான். இப்ப சுகம் எண்டு சொல்லிப்போட்டு, அப்பிடியே நித்திரையாப் போனார்.